மூன்றாம் நாள் புட்டி

வங்கிக்கு வேண்டியது ஒரே ஓர் எண்.
படிவத்தின் நான்காம் பக்கத்தில் அதற்கொரு கட்டம்,
என் சுண்டுவிரல் நகத்தளவு:
அடமானச் சரக்கு எத்தனை ஆண்டு தாங்கும்?

ஆல்பாவிலிருந்து காரில் வந்தேன்.
நவம்பர் மூடுபனியில்
குன்றுகளின் தலைகள் மட்டும் மிதந்தன.
ஈவால்தா கதவைத் திறந்தாள்,
கையில் ரப்பர் குழாய்,
காலில் இரண்டு வேறு நிறக் காலுறைகள்.
தம்பி செகோந்தோ எழுந்திருக்கவில்லை.
விற்றுத் தொலைக்கலாம் என்று
அவன் முகத்தில் எழுதியிருந்தது.

ஊற்றினாள். வெளுத்த சிவப்பு.
நெபியோலோ அப்படித்தான்,
கோப்பைக்கு அந்தப் பக்கம் என் கட்டைவிரல் ரேகை தெரிந்தது.
இத்தனை மெலிந்த உடம்பு
என்ன செய்துவிடும் என்று
தெரியாதவன் நினைப்பான்.

வாயில் வைத்தேன்.

முதலில் புளிப்பு. நாவின் ஓரங்களில் நீர் ஊறிற்று.
அடுத்து துவர்ப்பு வந்து
ஊறியதையெல்லாம் துடைத்துக்கொண்டு போயிற்று.
மேலுதடு பல்லோடு ஒட்டிக்கொண்டது.
கன்னங்கள் இரண்டும் உள்ளுக்குள்
ஒன்றையொன்று தேடின.
"எப்படி?" என்றாள்.
பதில் சொல்ல
என் வாய் எனக்குத் திரும்பி வரவேண்டியிருந்தது.

துவர்ப்பு இருந்தால் நெடுநாள் இருக்கும் என்பார்கள்.
பாதி உண்மை.
ஆற்றுக்கு அக்கரையில் ஒரு வீட்டுக்கு
பதினைந்து என்று எழுதிக் கொடுத்தவன் நான்.
எட்டாம் ஆண்டு திறந்தபோது
பழம் எப்போதோ கிளம்பிப் போயிருந்தது.
துவர்ப்பு மட்டும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது,
வாடகை வசூலிக்க வந்தவன்போல.
இப்போதும் அந்தச் சாலையில் போவதில்லை.
பதினோரு கிலோமீட்டர் சுற்றிப் போகிறேன்.

ஆகவே சுவரின் உயரம் எனக்குப் போதாது.
உள்ளே யாராவது குடியிருக்கிறார்களா?

மீதியை மூடாமல்
சமையலறை ஜன்னலில் வைக்கச் சொன்னேன்.
காற்று, அவசரக்காரக் காலம்.
பத்தாண்டு வேலையை
மூன்று நாளில் அரைகுறையாகச் செய்து காட்டும்.

இரண்டாம் நாள் மாலை.
தார். நனைந்த தோல். துருவேறிய சாவி.
அவ்வளவுதான் என்று கோப்பையைக் கீழே வைக்கப் போனேன்.
அப்போது, விளிம்பில், ஒரு ரோஜா.
பூகூட இல்லை,
பூ இருந்த பாத்திரத்துத் தண்ணீர்.
அதன் பின்னால் ஒரு செர்ரி, கொட்டையோடு.
ஒரு நொடி.
உடனே துவர்ப்பு கதவைச் சாத்திற்று.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
ஈவால்தா என் முகத்தைப் பார்க்கவில்லை,
கோப்பை பிடித்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடனுக்குத் தவணை ஏழாண்டு.
ஏழாம் ஆண்டில் இது
அறைக்குள் தாழிட்டுக்கொண்ட பதினான்கு வயதுப் பிள்ளை.
கூப்பிட்டாலும் வராது.
வங்கிக்காரன் அன்றைக்குத் திறந்து பார்த்தால்
என்னைத்தான் ஏசுவான்.
இதை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

மூன்றாம் நாள் காலை ஜன்னலில் புட்டி இருந்தது,
காலியாக.

"ராத்திரி பசித்தது" என்றான் செகோந்தோ.
தட்டில் தொத்திறைச்சித் தோல், கொழுப்புப் பிசுக்கு,
கொஞ்சம் உப்புக்கல்.
"அதுவும் இதுவும் சேர்த்து நன்றாகத்தான் இருந்தது.
எதற்குக் காத்திருக்க வேண்டும்?"
ஈவால்தா ஈரத்துணியால் அவன் தோளில் ஓங்கி அடித்தாள்.
அவன் சொன்னதில் தவறில்லை.
கொழுப்பு கிடைத்தால்
துவர்ப்பு அதைக் கவ்விக்கொண்டு
நாக்கை விட்டுவிடும்.
நான்தான் மூன்று நாளாக
வெறும் வயிற்றோடு தீர்ப்பெழுத அலைந்தவன்.

புட்டியைக் கவிழ்த்தேன்.
ஒரு சொட்டு, உள்ளங்கையில்.
நக்கிப் பார்த்தேன், சொல்ல வெட்கம்தான்.
உப்புத்தான் தெரிந்தது, என் உப்பு.

புதிதாக ஒன்று திறக்கவா என்றாள்.
இன்னும் மூன்று நாளா? வங்கி பொறுக்காது.
கையில் இருந்தது அந்த ஒரு நொடிதான்,
நேற்று மாலை, ரோஜாத் தண்ணீர்.

பதினெட்டு என்று எழுதினேன்.
ஒன்று கட்டத்துக்குள் நின்றது.
எட்டின் வயிறு
கோட்டைத் தாண்டிவிட்டது.